துண்டுக்குப் பின்னால் சிரித்தேன்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மனநோயாளி இருக்கும் வீட்டாருக்கு உதவும் என்றுதான் துணிந்தேன்.

என் தம்பி மனநல மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் வாரம் அது. மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் புல்லுக்கு மருந்தடிப்பது என் வேலை. நெடி தாங்காமல் மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொள்வோம். அன்று அதை அவிழ்க்காமலே வீடு வந்தேன். தம்பி வாசலில் உட்கார்ந்திருந்தான். சிறு வயதிலிருந்தே அவனைச் செல்லமாகத் திட்டுவது என் வழக்கம்.

"இன்னும் திங்கலியா? உன்ன எதுக்கு அங்கேருந்து கூட்டியாந்தேனோ தெரியலலா" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

வந்து பார்த்தால் ஆளில்லை. பதறிப்போய்த் தேடினேன். முன்பு ஈயம் தோண்டிய பழைய குட்டையில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தான். கரையிலிருந்து கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ளே போனான். நானும் இறங்கி, அவனுக்கு எதிரே போய் நின்று, "வாடா, சோறு ஆறுது" என்றேன்.

துண்டில்லாத என் முகத்தையே வெகுநேரம் பார்த்தான்.

"கோவம் இல்லியாக்கா? அப்ப சத்தம் மட்டுந்தான் வந்துச்சு."

குரலையும் முகத்தையும் சேர்த்து மனசைப் புரிந்துகொள்வது இந்த நோயில் சிலருக்குச் சிரமம் என்று பிறகு மருத்துவமனைத் தாதி ஒருவர் சொன்னார். இப்போதெல்லாம் துண்டை அவிழ்த்து, அவன் என்னைப் பார்த்த பிறகே பேசுகிறேன். திட்டுவதானாலும் எதிரில் நின்றுதான்.

குட்டையிலிருந்து அவனைக் கூட்டிவந்த மறுநாள் மழை. மருந்தடிக்கும் வேலை இல்லை, துண்டும் கட்டவில்லை. தம்பி இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டான்.