எட்டாம் பாகத்தைக் கெடுத்தவர்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தொழிற்சாலை கேண்டீனில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். ஜீவனஹள்ளியிலிருந்து வரும் சக குமாஸ்தா எதிரே வந்து உட்கார்ந்தார். "சார், அல்சூர் நாடகத்தைக் கெடுத்தாரே ஒரு டெய்லர், அவர் காலைல தவறிட்டாராம்" என்றார்.

திரு. பொன்னுரங்கம் அவர்களின் மறைவுச் செய்தி எனக்கு இப்படித்தான் கிடைத்தது. மாலை ஜீவனஹள்ளியில் அவர் வீட்டுக்குப் போனேன். அங்கேயும் மாலை கட்டிக்கொண்டிருந்தவர் முதல் பாடை தூக்க வந்தவர் வரை அதே பட்டத்தைத்தான் சொன்னார்கள். நாற்பது வருடம் இந்த ஊருக்குத் துணி தைத்த மனிதர், நாடகத்தைக் கெடுத்தவர் என்ற பெயரோடு சுடுகாட்டுக்குப் போனார். அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இறந்தவரைப் பற்றி இனிமையாகத்தான் எழுத வேண்டும் என்பார்கள். முயன்று பார்க்கிறேன். ஆனால் பொன்னுரங்கம் அவர்களைப் போல என்னைப் பாடாய்ப் படுத்திய மனிதர் வேறு ஒருவர் இல்லை.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகில் எங்கள் தமிழ் மன்றத்தின் கொட்டகையில் பல்லவர் காலத்துச் சரித்திர நாடகம் ஒன்றை எட்டுப் பாகமாக எழுதி, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பாகம் என்று நடத்த ஏற்பாடாயிற்று. வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைக்காக மக்கள் காத்துக் கிடந்த காலம். மேடையிலும் அப்படிக் காக்க வைத்துப் பார்க்கலாமே என்று எனக்கு ஒரு பேராசை. உடைகளைத் தைக்கப் பொன்னுரங்கம் அவர்களிடம் போனோம்.

ராஜாவுக்கு ஜமிக்கி வைத்த சிவப்பு வெல்வெட் அங்கி வேண்டும் என்றேன். அவர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்கவே இல்லை.

"அந்தக் காலத்துல ராஜா தச்ச துணி போட்டாரா சார்? என் மாமனார் ஊரு காஞ்சிபுரம். கோயில் கோயிலா போய்ப் பாத்திருக்கேன். ஒரு செலையிலயாவது ராஜா சட்டை போட்டிருக்காரா, காட்டுங்க. வேட்டி, நகை, அவ்வளவுதான். எனக்கு இதுல வேலையே இல்ல."

கையில் வந்த வேலையைச் சரித்திரத்தைக் காட்டித் தள்ளிவிட்ட தையற்காரரை நான் அன்றுதான் பார்த்தேன். ராஜாவாக நடிப்பவரோ பதறிப்போனார். "பெங்களூரு டிசம்பர் குளிர்ல வெத்து உடம்போட நிக்கணுமா? ராஜாவுக்குப் பல்லு தந்தியடிச்சா ஜனங்க சிரிக்க மாட்டாங்களா?" என்றார். இரண்டு பேரையும் சமாதானப்படுத்துவதற்குள் எனக்கு ஒரு பாகம் எழுதும் தெம்பு போய்விட்டது. கடைசியில் தைத்துக் கொடுத்தார். அழகாகவே தைத்திருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொரு பாகம் முடிந்ததும் அரை மணி நேரம் பார்வையாளர்கள் எழுந்து கருத்துச் சொல்லலாம் என்று மன்றச் செயலாளர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. முதல் பாகம் முடிந்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து பொன்னுரங்கம் அவர்கள் எழுந்தார்.

"ராஜா போட்டிருந்த சட்டை தப்பு. அத தச்சது நான்தான். அதனால தைரியமா சொல்றேன், தப்பு."

கொட்டகை கைதட்டியது. என் வசனத்துக்கு வராத கைதட்டல். இரண்டாம் பாகத்தில் ராணி மிளகாய்ப் பொடியைத் தூவி ஒற்றனின் கண்ணைக் கெடுப்பதாக எழுதியிருந்தேன். மிளகாய் நம் நாட்டுக்கு வந்ததே பல நூறு வருடம் கழித்துத்தான் என்று எழுந்து சொன்னார். "மொளகுப் பொடின்னு மாத்திக்குங்க சார், அதுவும் எரியும்" என்று சலுகை வேறு.

இதற்குள் ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. நாடகத்தில் ராணிக்கும் மந்திரிக்கும் பகை; பார்ப்பவர்களிலும் ராணி கட்சி ஒன்று, மந்திரி கட்சி ஒன்று. விவேக் நகரிலிருந்து ஞாயிறு சர்ச் பூசை முடிந்து நேராகக் கொட்டகைக்கு வரும் குடும்பங்கள் முழுக்க ராணி பக்கம். அல்சூர் கடைத்தெரு மந்திரி பக்கம். டீக்கடையில், குழாயடியில், பஸ்ஸில் இதே பேச்சு. மந்திரியைத் துரோகி என்று நான்காம் பாகத்தில் காட்டியபோது பொன்னுரங்கம் அவர்கள் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார்.

"அந்த மந்திரி துரோகின்னு எந்தக் கல்வெட்டுல இருக்கு? செத்தவன் எந்திரிச்சு வந்து பதில் சொல்ல மாட்டான்னுதானே சார் இஷ்டத்துக்கு எழுதறீங்க?"

"இது நாடகம் ஐயா, பள்ளிக்கூடப் பாடமில்லை" என்று கத்தினேன். "அப்ப எதுக்கு சரித்திரம்னு நோட்டீஸ் போட்டீங்க?" என்றார். அவரோடு பேசி ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

ஏழாம் பாகத்துக்கு வருகிறேன். எதிரிப்படை அரண்மனையைச் சூழ்ந்துகொண்டது. தப்ப ஒரே வழி ஆற்றங்கரைக் கதவு. ராணி இருட்டில் நிற்கிறாள். காவற்காரன் சாவியோடு வந்து கதவைத் திறக்கிறான். திரை விழுந்தது. கொட்டகையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்போது மூன்றாவது வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"மூணாம் பாகத்துல அம்பு பட்டுச் செத்த காவக்காரன், ஏழாம் பாகத்துல எப்படி சார் கதவத் தொறந்தான்?"

ராணி கட்சி, மந்திரி கட்சி எல்லாம் சேர்ந்து சிரித்தது. நான் மேடையேறி, "இந்த மனிதர் இங்கே வருவதை நிறுத்தும்வரை ஒரு வரிகூட எழுத மாட்டேன். எட்டாம் பாகம் கிடையாது" என்று சொல்லி இறங்கி வீட்டுக்குப் போய்விட்டேன்.

என்னைத் தேடி ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. எல்லாரும் அவரிடம் போனார்கள். ராணி என்ன ஆனாள் என்று தெரியாமல் தவித்த அத்தனை பேரின் கோபமும் அந்தச் சின்னக் கடையின் மேல் இறங்கியது. "பேஜாரு புடிச்ச மனுசன், நல்லாப் போயிட்டிருந்தத நாசம் பண்ணிட்டாரு" என்று அவர் காதுபடவே பேசினார்கள். வழக்கமாகத் துணி கொடுத்தவர்கள் அடுத்த தெருவுக்குப் போனார்கள்.

பதினைந்து நாள் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் கேட்டது தப்பில்ல சார். ஆனா ஜனங்க காத்திருக்காங்க. நீங்க எழுதுங்க. நான் கொட்டாய்க்குள்ள வரல. ரோட்டுல நின்னு கேட்டுக்கறேன்."

நான் முடியாது என்றேன். கோபத்தால் அல்ல. இதை எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். ஏழாம் பாகம் மேடையேறுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே எட்டாம் பாகத்துக்கு வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராணியை எப்படித் தப்ப வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வேறு வழி தோன்றாமல்தான் செத்தவனையே சாவியோடு வரவழைத்தேன்; கதவுக்கு அப்பால் என்ன என்று எனக்கே தெரியாது. முடிவு இல்லாத நாடகத்தை நிறுத்த எனக்கு ஒரு சண்டை தேவைப்பட்டது. அவர் கேள்வி கேட்டார், நான் பிடித்துக்கொண்டேன். அவர் வாசலில் வந்து நின்ற அன்றாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாசலைத் தாண்டும்வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு சில வருடங்கள் தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்வோம், அவ்வளவுதான். இந்த வருடம் அவர் ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடு போனேன். பாதியாக இளைத்திருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்தார்.

"சார், ராணி எதுக்கு ஆத்துக் கதவுக்குப் போகணும்? எதிரிப் படையில ஒருத்தனும் அவங்க மூஞ்சியப் பாத்ததில்லன்னு நீங்கதானே எழுதினீங்க. நகையக் கழட்டி வெச்சுட்டு, இடுப்புல ஒரு குடத்த வெச்சுக்கிட்டு, வேலைக்காரப் பொம்பளைங்களோட பெரிய வாசல் வழியாவே நடந்து போனா எவன் தடுக்கப் போறான்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடம் எனக்கு அகப்படாத முடிவு. அந்த ஆற்றங்கரைக் கதவுக் காட்சியைத் தவிர நாடகத்தில் ஒரு வரியையும் மாற்ற வேண்டாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதற்கு ஆதாரம் இருக்கிறதா?" என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. முக்கால் மணி நேரம் வாதாடினோம். நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பினார். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

காரியம் முடிந்த மறுநாள் அவர் மனைவி கன்னியம்மாளிடம் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மன்ற மலரில் எழுதப் போவதாகவும் சொன்னேன். அழுவார், அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"எழுதுங்கய்யா. ஆனா அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா, அந்த வருசம் தீபாவளிக்கு நாலு பேராவது துணி குடுத்திருப்பாங்க. மிசின் மேல துணி போத்திட்டு, அன்னிக்குப் பூரா வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு."

சொல்லிவிட்டு மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினேன்.

அவரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் சொல்கிறேன். எட்டாம் பாகத்தைக் கெடுத்தவன் நான். பொன்னுரங்கம் அவர்களே, நீங்கள் எழுந்து கேட்ட எல்லாக் கேள்வியும் சரி. ராஜாவின் சட்டையும் தப்பு, மிளகாயும் தப்பு, அந்த மந்திரியும் துரோகி அல்ல. சென்று வாருங்கள். ஒருமுறையாவது நீங்கள் இருக்கும்போது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.