அண்ணனும் குருத்துப்பூச்சியும்

என் அண்ணன் இறைவனிடம் போய்ச் சேர்ந்து இந்த மார்கழியோடு ஓராண்டு நிறைகிறது. நினைவுப் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் அனைவருக்கும் என் வணக்கம். அண்ணனின் மகன் போன மாதம் என்னிடம் வந்து, "அத்தை, அப்பாவைப் பத்தி நாலு வார்த்தை நல்லதா எழுதிக் குடுங்க. நீங்கதான் கூடப் பொறந்தவங்க" என்று கேட்டான். எழுதுகிறேன். ஆனால் இதில் பாதி ஒரு பூச்சியைப் பற்றித்தான் இருக்கும். முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளுங்கள். எழுதும் எனக்கே குமட்டிக்கொண்டுதான் வருகிறது.

அண்ணன் கீழ்வேளூருக்குக் கிழக்கே, வாய்க்கால்கரைத் தெருவில் எங்கள் வீட்டுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கு எட்டு வயது இளையவள் நான். அப்பா வயலில் பாம்பு கடித்து இறந்தபோது அண்ணன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டு வயலில் இறங்கினார். ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலம். எங்களுடையது அல்ல, பண்ணையாருடையது. நாங்கள் குத்தகை.

நான் வளர்ந்து பெரியவளான சமயத்தில் சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. உழுகிறவன் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் எழுதப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பண்ணைக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். பெயர் பதிவாவதற்குள் குத்தகைக்காரனை ஏதாவது சாக்குச் சொல்லிக் கிளப்பிவிடப் பார்த்தார்கள். தெருவுக்கு ஒரு கட்சிக் கொடி ஏறியது. பக்கத்து ஊரில் நடவு வயலிலேயே அடிதடி. எங்கள் பண்ணையின் காரியஸ்தர், வாயில் எந்நேரமும் வெற்றிலை குதப்பும் ஆள், தினமும் சைக்கிளில் வந்து எங்கள் வரப்பில் எச்சில் துப்பிவிட்டுப் போவார். ஒரு குறை அகப்படாதா என்று பார்க்க வருகிறவர். அந்தச் சிவந்த எச்சிலை மண்போட்டு மூடுவது என் வேலை. சீ, அந்த மனிதரை இன்று நினைத்தாலும் கை கழுவத் தோன்றுகிறது.

அந்த நாளில்தான் அண்ணனுக்கு, நெற்பயிரைத் துளைக்கும் குருத்துப்பூச்சியின்மேல் பைத்தியம் பிடித்தது. விவசாய இலாகாவிலிருந்து வந்த ஒருவர் சொல்லிக்கொடுத்ததில் தொடங்கியது. அறுவடை முடியும் வரைக்கும் சாயங்காலம் வயலோரத்தில் அரிக்கேன் விளக்கு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார். கீழே அகலமான பேசின், அதில் தண்ணீர், தண்ணீர்மேல் கொஞ்சம் மண்ணெண்ணெய். விடிந்ததும் பேசினை வீட்டுக்குத் தூக்கிவந்து, செத்து மிதக்கும் அந்துப்பூச்சிகளைப் பழைய பேப்பரில் பரப்பிப் பிரிப்பார். பொட்டை மஞ்சளாக, முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் பொட்டு வைத்திருக்கும். ஆண் அதைவிடச் சின்னது, மங்கின பழுப்பு. அந்தப் பேசின் எங்கள் வீட்டில் நான் அரிசி களைந்துகொண்டிருந்த பேசின். சொல்லிச் சண்டைபோட்டேன்.

"நான் அரிசி களையிற ஏனத்துலயா இந்தக் கண்றாவியை அள்ளிட்டு வருவீங்க? நாளைக்கு இதுலதான சோறு வடிக்கணும்!"

"கழுவிட்டாப் போச்சு. இங்க வந்து பாரேன், இதுக்கு வாயே வேலை செய்யாது. பறக்குற வயசுல ஒண்ணும் திங்காது, முட்டை வைக்கும், செத்துப்போவும். திங்கிறதெல்லாம் புழுவா இருக்கையிலதான்" என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

பங்குக் கோயிலில் கொடுக்கும் நாள்காட்டியில், புனிதர் திருநாளுக்குப் பக்கத்திலேயே, அன்றன்று விழுந்த பூச்சிக்குப் பென்சிலில் புள்ளி வைப்பார். ஆனி, ஆடியில் குறுவைப் பயிரின்போது கட்டத்துக்கு ஒன்றிரண்டு புள்ளி. புரட்டாசியில் கூடும். ஐப்பசி அடைமழையில் கொஞ்சம் தணியும். மழைவிட்டுப் பனி இறங்கியதோ இல்லையோ, கார்த்திகைக் கடைசியிலிருந்து தை வரைக்கும் கட்டமே கறுத்துவிடும். அதுவும் குறுவை அறுத்தபின் பிந்தி நட்ட தாளடி வயல் என்றால் கேட்க வேண்டியதில்லை. மாசியில் அறுத்து முடித்தால் ஒன்றும் இருக்காது. எங்கே போகிறது என்று நான் ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். அறுத்த தாளின் அடிக்கட்டையைப் பிடுங்கி நகத்தால் கிழித்துக் காட்டினார். உள்ளே ஒரு புழு, சுருண்டு படுத்து, அடுத்த போகத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எல்லாவற்றையும்விட முட்டைதான் எனக்கு ஆகாது. நாற்றின் நுனியில் குவியலாக இட்டு, தன் வயிற்று முடியையே உதிர்த்து மேலே மூடிவிட்டுப் போகும் அந்தப் பூச்சி. பார்த்தால் யாரோ காறித்துப்பிய கோழையில் மயிர் ஒட்டினமாதிரி இருக்கும். ஒரு வாரத்துக்குள் பொரிந்து, பொடிப்பொடியாய்ப் புழு இறங்கி, நூல்விட்டுக் காற்றில் ஆடி அடுத்த பயிருக்குப் போய், தண்டைத் துளைத்து உள்ளே புகுந்துகொள்ளும். இளம்பயிரானால் நடுக்குருத்து காயும். கதிர் வரும் பயிரானால் கதிர் வெளுத்து, ஒரு மணி இல்லாமல் பதராய் நிற்கும். அதற்கு வெண்கதிர் என்று பெயர்.

அதனால் நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளி, முட்டையோடு குழியில் கொட்டி மண்போட்டு மூட வேண்டும் என்பது அண்ணனின் உத்தரவு. அந்த ஐப்பசியில் தாளடி நடவு. நாற்றுக் கட்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து அண்ணியும் நானும் நுனியைக் கிள்ளிக் கூடையில் போட்டோம். அண்ணி சாப்பாடு எடுக்க வீட்டுக்குப் போனார். கூடை நிரம்பிவிட்டது. குழி தெற்கு மூலையில், நாலு வயல் தள்ளி. கூடையைத் தூக்கினேன். தழை கழுத்தில் உரசியது. அந்த முடிமுடியான பிசின் என் தோளில் ஒட்டியதைப் பார்த்ததும் உடம்பெல்லாம் கூசிவிட்டது. "போ சனியனே" என்று பக்கத்து வரப்பிலேயே கவிழ்த்துவிட்டு, வாய்க்காலில் இறங்கிக் கழுத்தும் தோளும் உரியத் தேய்த்துக் கழுவினேன்.

பத்துப் பதினைந்து நாளில் அந்த வரப்போரத்தில்தான் முதல் குருத்து காய்ந்தது. அண்ணன் குனிந்து பார்த்தார். காய்ந்த குருத்தைப் பிடித்து இழுத்தார், கையோடு வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார்.

"கூடையை எங்க கொட்டுன?"

"குழியிலதான்."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. மார்கழிப் பனியில் அந்தப் புழுவெல்லாம் அந்துப்பூச்சியாகி மறுபடி முட்டையிட்டு, தை பிறக்கும்போது எங்கள் வயலில் பாதி வெள்ளையாய் நின்றது. எங்கள் வயலோடு நிற்கவில்லை. சுற்றியிருந்தவர்களின் வயலிலும் ஏறிவிட்டது.

காரியஸ்தருக்கு இது போதாதா? குத்தகைக்காரன் அசட்டையால் பயிரைப் பாழாக்கினான், நிலத்தைவிட்டு வெளியேற்ற வேண்டும் என்று பண்ணை மனுப் போட்டது. நாகப்பட்டினம் கச்சேரியில், ரெவின்யூ அதிகாரி முன்னால், வாய்தா. நிலம் போனால் கூலிக்குப் போகவேண்டும், அந்த நாளில் கூலிக்கும் வழியில்லை. அண்ணி நிறைமாதம். வெண்கதிர்க் கட்டைச் சுமந்துகொண்டு நான் கூடப் போனேன். அண்ணன் கையில் நாள்காட்டி மட்டும்.

காரியஸ்தர் கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தார். "அய்யா, நாத்து நுனியைக் கிள்ளி வரப்புலயே மலைமாதிரி கொட்டி வச்சிருந்தாங்க. என் கண்ணால பாத்தேன். ஊருக்கே பூச்சி வளத்துக் குடுத்திருக்கான் இவன்."

அதிகாரி அண்ணனைப் பார்த்தார். "உண்மையா? யாருய்யா கொட்டுனது? வீட்டுப் பொம்பளைங்களா? அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு விசாரிக்கலாமா?"

வாசற்படியில் நின்ற என் பக்கம் அண்ணன் திரும்பவே இல்லை.

"வேணாங்க. நான்தாங்க கொட்டுனேன். அவசரத்துல வரப்புல போட்டுட்டேன். தப்புதாங்க."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கையிலிருந்த வெண்கதிர்க் கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் நான் செய்தது.

பிறகு அண்ணன் நாள்காட்டியை விரித்தார். ஒரு நாள் தவறாமல் வைத்த புள்ளிகள். என்னிடமிருந்து ஒரு கதிரை உருவி, மேசைமேல் வைத்து, தண்டை நகத்தால் பிளந்தார். பழுப்புத் தலையோடு புழு நெளிந்து வந்து அரசாங்கக் கோப்பின்மேல் ஏறியது. அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "எடுய்யா அதை! சீச்சீ, எடு!" அண்ணன் அதை விரலால் எடுத்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வேறெங்கே போடுவார்? காரியஸ்தர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தினம் பூச்சிக்குப் புள்ளி வைக்கிறவன அசட்டைன்னு எப்படிச் சொல்றது? தப்பு பண்ணிருக்கான், ஒத்துக்கிட்டான். மனு தள்ளுபடி" என்று அதிகாரி எழுதினார். நிலம் நிலைத்தது. அடுத்த ஆண்டு பதிவேட்டில் அண்ணன் பெயர் ஏறியது.

ஆனால் அண்ணனின் நல்ல பெயர் போய்விட்டது. "கச்சேரியிலயே ஒத்துக்கிட்டான்ல, ஊர் வயலுக்கெல்லாம் பூச்சி விட்டவன்" என்றார்கள். பக்கத்து வயல்காரர்கள் இரண்டு போகம் எங்களுக்கு ஏர் கொடுக்கவில்லை. கோயில் திருவிழாவில், கல்யாணப் பந்தியில், சாவு வீட்டில், எங்கே போனாலும் "பூச்சிக்காரர்". இந்த மலரை வாங்கியிருக்கிற உங்களில் பலரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டீர்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். என் கல்யாணத்துக்குப்பின் புகுந்த வீட்டில், "பூச்சிக்காரர் தங்கச்சிதானே நீ" என்று கேலி செய்தபோது, "அவரு ஒரு மாதிரி, விடுங்க" என்று நானும் சேர்ந்து சிரித்தேன். பூச்சியைக் கண்டு கூசின உடம்புக்கு அந்தச் சிரிப்பைக் கண்டு கூசவில்லை. ஒவ்வொரு தவக்காலத்திலும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன், பூசைக்குப் போகவில்லை என்றெல்லாம் சொன்னேன். கூடையைச் சொன்னதில்லை. ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. தூ, என்ன பிறவி நான்!

கடைசி நாட்களில் அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதாகி, தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் விளிம்பில் ஏதோ ஓர் அந்து உட்கார்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"கூடையை எங்க கொட்டுன?"

குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டதும் இல்லை, அவருக்கு அன்றைக்கே தெரியும். நான் சொல்லட்டும் என்று கேட்டார். எழுபது வயதுக் கிழவி, பேரன் பேத்தி எடுத்தவள், என் வாயில் வந்தது இதுதான்:

"குழியிலதான் அண்ணே."

"சரி" என்றார். அடுத்த கரண்டிக் கஞ்சிக்கு வாயைத் திறந்தார். மறுநாள் விடியற்காலை போய்விட்டார்.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், முகம் சுளிக்காமல் அவர் உடம்பைத் துடைத்துவிட்ட நர்ஸ் பெண்களுக்கும், கொட்டும் மழையில் கல்லறைக் குழியில் ஊறிய தண்ணீரை இறைத்து இறைத்து வெட்டிய தெருப் பிள்ளைகளுக்கும், ஏர் கொடுக்காமல் இருந்தும் அடக்கத்துக்கு வந்து பெட்டி தூக்கிய பக்கத்து வயல்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அச்சில் போகுமுன் இதைப் படித்துவிட்டு, "இதையா அத்தை போடணும்?" என்று கேட்ட அண்ணன் மகனிடம், ஓர் எழுத்தும் எடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இனி யாரும் அவரைப் பூச்சிக்காரர் என்று சொல்ல வேண்டாம். அந்தப் பெயர் யாருக்கு உரியது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிடுங்கள், திரும்பிப் பார்க்கிறேன்.

அண்ணே, குழியில இல்ல. வரப்புலதான் கொட்டுனேன்.

கண்ணீருடன்,
தங்கை