வளைகிற குழாயும் ஒரு வெள்ளிக்கிழமையும்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தேன். நேரம் எனக்குச் சரியாக நினைவிருக்கிறது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டுவது என்று மகளும் நானும் பேசி வைத்திருந்தோம். அதனால் கயிற்றைத் தொடுவதற்கு முன் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பது பழக்கமாகியிருந்தது. இப்போதும் அந்தக் கடிகாரத்தின் சின்ன முள் ஆறை நெருங்கும்போது நான் எழுந்து போய் ஒரு ஜன்னலைத் திறக்கிறேன். மழை பெய்தாலும் திறக்கிறேன்.

கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்கு மேலே ஏறிப் போகும் குறுக்கு ரோட்டில், ஒரு வீட்டின் மேல்மாடி எங்களுடையது. கீழே ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அம்மாவை நான் தாத்தா என்று கூப்பிடுவேன். முஸ்லிம் அக்காவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம். அவர் என்னை டீச்சர் என்பார். அந்த முறை மழை விடாமல் பெய்து, மேட்டில் மண் சரிந்து, மின்கம்பங்கள் விழுந்து, ஆறு நாட்களாகக் கரண்ட் இல்லை. மகளுக்கு உயர்தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஜெனரேட்டர் என் கணவர் கடை நடத்திய காலத்தில் வாங்கியது. அவர் இறந்து ஆறு வருடம். முதல் சில நாட்கள் அதை வாசல் படியில் வைத்து ஓட்டினோம். பிறகு மேட்டில் ஒரு வீட்டு ஜெனரேட்டரை யாரோ தூக்கிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. நான் எதற்கும் பயப்படுகிறவள். திருடனுக்குப் பயந்தேன், ஈரத்தில் மின்சாரம் தாக்கும் என்று பயந்தேன், பெட்ரோல் பற்றிக்கொள்ளும் என்று பயந்தேன். பயப்பட வேண்டிய ஒன்றுக்கு மட்டும் பயப்படத் தெரியவில்லை.

பின் பல்கனியில் வைத்தால் யாரும் தூக்க முடியாது. குரங்குகள் வருகின்றன என்று கணவர் அந்தப் பல்கனியைச் சுற்றிக் கண்ணாடி போட்டு அடைத்திருந்தார். புகையை வெளியே கொண்டுபோக ஒரு குழாய் மட்டும் வேண்டியிருந்தது. வாகனங்களின் சைலன்சர் செய்கிற நானாவின் பட்டறைக்குப் புதன்கிழமை போனேன். முஸ்லிம் அண்ணனை நானா என்போம். பழைய வேன்களில் இருந்து கழற்றிய, பாம்பு போல வளையும் இரும்புக் குழாய்கள் அவருடைய சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஜெனரேட்டர் எங்க வெக்கிறீங்க டீச்சர்?"

"வெளியில தான் நானா."

"வெளியிலெண்டா பைப் என்னத்துக்கு?"

"கீழ் வீட்டுக் குசினிக்குள்ள புகை போகுது. கொஞ்சம் தள்ளி விடணும்."

அவர் ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். மெல்லிய தகடு ஒன்றுக்குள் ஒன்று மாட்டிச் சுற்றிச் சுற்றிப் போயிருந்தது. "இது வளையிறதே இந்த இடுக்குகளால தான். ஒவ்வொரு இடுக்கும் மூச்சு விடும். வெளியிலெண்டா பரவாயில்ல, காத்து கொண்டு போயிடும். வீட்டுக்குள்ள வெக்கிற ஆளுக்கு நான் இத விக்க மாட்டன்."

"சரி நானா."

சைலன்சர் வாயின் அளவுக்கு ஒரு வளையத்தை ஒட்டவைத்து, இறுக்கிக் கட்டக் கிளிப்பும் கொடுத்தார். குழாயை என் தோளில் மாட்டிவிட்டு, "யானத் தும்பிக்கைய வாங்கிட்டீங்க. மிச்ச யானைய எங்க டீச்சர் தேடப் போறீங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். பல்கனி பாதி வெளியில்தானே என்று வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்திக் குழாயின் முனையை வெளியே விட்டேன். மிச்ச இடைவெளியில் குரங்கு கை விடாதபடி ஒரு பழைய துவாயைத் திணித்தேன். வயர் உள்ளே வர வேண்டும் என்பதால் பல்கனிக் கதவை முழுதாகச் சாத்த முடியவில்லை. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் மகள் படிக்கும் மேசை.

வியாழக்கிழமை ஓட்டியபோது, "பஸ் ஸ்டாண்ட் மாதிரி மணக்குதும்மா" என்று அவள் மூக்கைச் சுருக்கினாள். முன் ஜன்னல்களைத் திறந்து வைத்தேன். மணம் போனது. என் கவலையும் அதோடு போனது.

அடுத்த நாள் வெள்ளி. விளக்கு வைத்துச் சாம்பிராணி போடாத வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் இருந்ததில்லை. மழைக்குப் பிறகு நுளம்பும் பெருகியிருந்தது. டெங்கு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். புகை வெளியே போய்விடாமல் மூலை முடுக்கெல்லாம் நிற்கட்டும் என்று எல்லா ஜன்னல்களையும் சாத்தினேன். ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு, தணலில் சாம்பிராணியைத் தூவி, அறை அறையாகக் கொண்டு போனேன்.

அன்று மாலை மிக அழகாக இருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. சாத்திய கண்ணாடிக்கு வெளியே மகாவலி கலங்கலாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் ஹந்தானைப் பக்கம் மலை இருந்த இடத்தில் மேகம் மட்டும் இருந்தது. ஒற்றை மின்குமிழைச் சுற்றிச் சாம்பிராணிப் புகை மஞ்சளாக ஒரு வட்டம் போட்டது. அந்த வட்டம் மெல்ல அகன்று சுவர் வரைக்கும் வந்தது. நெற்றியில் லேசான பாரம். ஆறு நாள் அலைச்சல், அதுதான் என்று நினைத்தேன். வேறு மணம் எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் சாம்பிராணிக்குள் அதைப் பிரித்து அறிந்திருக்க மாட்டேன்.

மகள் இரசாயனவியல் புத்தகத்தின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போயிருந்தாள். முகம் நல்ல சிவப்பாக, சிறு வயதில் காய்ச்சல் வந்தபோது இருந்ததைப் போல இருந்தது. எழுப்பவில்லை. பாவம், தூங்கட்டும் என்று கட்டிலில் இருந்த விரிப்பை எடுத்து அவள் மேல் போர்த்திவிட்டேன். என் கையால் போர்த்திவிட்டேன். பிறகு கதிரையில் உட்கார்ந்தேன். கால்கள் எங்கோ ஆற்றின் அந்தக் கரையில் இருப்பதாகத் தோன்றியது, அது கவலையாகவும் இல்லை.

மேசையில் ஒரு கூடைக்குள் ஆறு போன்கள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. நான்கு கீழ் வீட்டுக்காரர்களுடையவை. கரண்ட் இல்லாத நாட்களில் அந்தக் கூடை மேலே வரும், ஒரு மணி நேரத்தில் கீழே போகும். கத்தாரில் வேலை செய்யும் தாத்தாவின் மகன் தினமும் ஆறரைக்குப் பேசுவான். போன் அடித்ததும் நான் படிக்கட்டில் நின்று, "தாத்தா, மகன்" என்று கூப்பிடுவேன். அவர் செருப்புப் போடாமல் ஓடி வருவார்.

அன்றும் போன் அடித்தது. அந்தச் சத்தம் எனக்குக் கோயில் மணியாகக் கேட்டது. நான் எழுந்தேன், படிக்கட்டுக்குப் போனேன், "தாத்தா, மகன்" என்று கூப்பிட்டேன். கூப்பிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கைபிடிக் கம்பியின் குளிர்கூட நினைவிருக்கிறது. ஆனால் நான் கதிரையை விட்டு அசையவே இல்லையாம்.

பிறகு நடந்ததைத் தாத்தா சொல்லித்தான் அறிந்தேன். "போன் நிண்டு நிண்டு மூணு தரம் அடிச்சிச்சி. உங்கட சத்தத்தக் காணல்ல. கத்தாம இருக்கிற மனிசியா நீங்க? அப்பவே படியேறி ஓடி வந்தன்." போன்களை எடுக்க அவர் வந்து போவதால் கதவைத் தாழிடாமல் விட்டிருந்தோம். உள்ளே வந்தவர் என்னைத் தட்டிப் பார்த்தார், மகளைத் தட்டிப் பார்த்தார். பல்கனிக்குப் போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். ஜன்னல்களைத் திறந்தார். மகளைத் தூக்க முடியாமல், நான் போர்த்திய விரிப்போடு சேர்த்துத் தரையில் இறக்கி, அதைப் பிடித்தே படிக்கட்டு வரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அவருடைய கணவரின் திரீவீலில் எங்கள் இருவரையும் ஏற்றினார்கள். பாலத்தைத் தாண்டும்போது குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. மகளின் தலை தாத்தாவின் மடியில் ஆடிக்கொண்டிருந்தது. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட நினைத்தேன். பெயர் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் முகமூடி வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள். எனக்குச் சீக்கிரம் தெளிந்தது. அவளுக்குத் தெளியவில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தில் ஜெனரேட்டர் புகையின் விஷ வாயு உட்கார்ந்திருக்கிறது, அதை எழுப்பி அனுப்ப நேரம் எடுக்கும் என்று டாக்டர் சிங்களத்தில், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். எழுந்த பிறகு ஞாபகம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். எழும்பட்டும், பார்ப்போம் என்றார். நான் அவளுடைய முகமூடிக்குள் படியும் ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். படிந்தது, மறைந்தது, படிந்தது.

விடிந்து வெயில் வார்டுக்குள் வந்தபோது அவள் கண்ணைத் திறந்து மேலே எரிந்த விளக்கைப் பார்த்தாள்.

"கரண்ட் வந்திருச்சாம்மா?"

"வந்திருச்சும்மா."

"அப்போ ஜெனரேட்டர நிப்பாட்டுங்க. பெட்ரோல் வீணாப் போகுது."

பிறகு அவளுடைய பெயரை, பாடசாலையை, பாடங்களை டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் சொன்னாள். வெள்ளிக்கிழமை மாலையை மட்டும் காணவில்லை. அது இன்றுவரை அவளிடம் இல்லை. முழுதும் என்னிடம்தான் இருக்கிறது.

பகல், பார்வையாளர் நேரத்தில், தாத்தாவும் மற்றவர்களும் வந்து போன பிறகு, கடைசியாகப் பட்டறை நானா வந்தார். வெள்ளைத் தொப்பி, துவைத்த சேர்ட், கையில் இரண்டு செவ்விளநீர். தாத்தா இரவே சொல்லி எங்கள் வீட்டுக்குப் போய்க் குழாயை அவரே கழற்றிக்கொண்டு போய்விட்டாராம். நான் எழுந்து நின்றேன். வீட்டிலிருந்து அவர் பட்டறை வரைக்கும் தூரம் எவ்வளவு என்று யோசித்தேன்; அந்தத் தூரம் முழுக்க அவர் என்னைத் திட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளின் கட்டில் பக்கமாகப் போய், அவள் இளநீரைப் பார்த்துச் சிரிக்கும் வரைக்கும் அங்கேயே நின்றார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், இனிப் பொய் சொல்ல வேணுமெண்டா வேற கடைக்குப் போங்க. ராத்திரி முழுக்க எனக்கு நித்திரை இல்ல."