பள்ளி லீவில் தேவகியை விளையாட வைத்த கதை

அடுத்தவர் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டும் தொழிலில் முதலில் தேய்வது தொண்டை, அடுத்தது கொள்கை. பள்ளி லீவில் அக்கா பிள்ளைகளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையோ ஒரே ஒரு நாள் சமாளித்திருந்தால்கூட நீங்கள் தலையாட்டுவீர்கள். நான் ஒரு லீவு முழுக்கச் சமாளித்தவள். அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. பினாங்கு ஜார்ஜ்டவுனில் மாதர் சங்கம் ஒன்று, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடைவீட்டின் மாடியை எடுத்து, காலை நேரத்தில் பிள்ளைகளை விளையாட வைக்க ஆள் தேடியது. விளையாட்டு பிள்ளைகளின் உரிமை என்று நேர்முகத்தில் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். உடனே வேலை கிடைத்தது. வேறு யாரும் மனுப் போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பாடம் எங்கே?

முதல் நாளே ஒரு தகப்பனார் மகனோடு படியேறி வந்தார். யாழ்ப்பாணக் குடும்பம், அரசாங்க உத்தியோகம், இஸ்திரி கலையாத சட்டை. சுவரில் கரும்பலகை இல்லாததைப் பார்த்து முகம் சுருங்கியது. "லீவு முடியிறதுக்குள்ள இவனுக்குப் பதினாறாம் வாய்பாடு வரவேணும் பிள்ளை" என்றார். நான் விடுவேனா? விளையாட்டே ஒரு படிப்பு, அதைப் பறிப்பது பிள்ளையின் மூளையை முடக்குவது என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கும்வரை பேசினேன். முடித்த பிறகு, நான் பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். சமூகவியல் என்றேன்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றார்.

தம்பியின் சட்டை

தேவகிக்குப் பதினொரு வயது. கூடவே ஐந்து வயதுத் தம்பி முரளி. அவனுடைய சட்டையின் பின்பக்கத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டேதான் அவள் மாடிக்கு வருவாள், பிடித்துக்கொண்டேதான் இறங்கிப் போவாள். மற்றவர்கள் கயிறு தாண்டும்போது சுவரோரம் நிற்பாள். அப்பா தாய்லாந்து எல்லைக்கு லாரி ஓட்டுபவர், அம்மா தொழிற்சாலையில் வேலை. ஒரு சின்னப் பெண்ணை ஆயாவாக்கி வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி ஆண்பிள்ளை என்பதால் அவன் ஓடலாம், அவள் காவல் நிற்க வேண்டுமா? லீவு முடிவதற்குள் இவளை ஒரு விளையாட்டாவது விளையாட வைக்காவிட்டால் நான் படித்ததெல்லாம் வீண் என்று முடிவு செய்தேன்.

"அவன் விழுந்தா நான் தூக்குறேன், நீ போய் விளையாடு" என்றேன்.

"அவன் விழுந்தா அம்மா என்னத்தானே கேப்பாங்க, உங்கள இல்லையே" என்றாள்.

படகில் ஒரு சந்தேகம்

பெரிப் படகில் அக்கரைப் பட்டர்வொர்த் போய்வருவதைவிடச் சிக்கனமான சுற்றுலா பினாங்கில் கிடையாது. போகும்போது டிக்கெட்டே இல்லை, வரும்போதுதான். காற்றும் கடலும் கப்பல்களும் இலவசம். ஒரு நாள் எல்லாரையும் கூட்டிப் போனேன். தேவகி தம்பியின் சட்டையோடு நடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மற்றதுகளாவது கும்மாளம் போடும் என்று பார்த்தால், ஒன்றும் வாய் திறக்கவில்லை. எல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு பரீட்சை மண்டபத்தில் நிற்பதுபோல் நின்றன. என்னடா என்று கேட்டேன். வாய்பாட்டுத் தகப்பனாரின் மகன்தான் பேச்சாளர். இதைப் பற்றி எத்தனை பக்கம் கட்டுரை எழுத வேண்டும் என்றான். பள்ளியில் எங்கே கூட்டிப் போனாலும் மறுநாள் 'நான் சென்ற சுற்றுலா' எழுத வேண்டுமாம். ஒரு வரிகூட எழுத வேண்டாம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

"அப்ப நான் சும்மா பாக்கலாமா அக்கா?" என்றான்.

கீழே காதர் அண்ணன்

எங்கள் மாடி பலகைத் தளம். கீழே காதர் அண்ணனின் நாசி கண்டார் சோற்றுக்கடை. மழைநாள் ஒன்றில் எல்லாரையும் தவளையாக்கித் தாவவிட்டேன். தேவகி மட்டும் தாவவில்லை, தாவிய தவளைகளில் ஒன்றின் சட்டையைப் பிடித்தபடி பின்னாலேயே நடந்தாள். மூன்றாவது சுற்றில் காதர் அண்ணன் கறிக்கரண்டியோடு மேலே வந்தார். பிள்ளைகளின் உடம்பு ஓடியாடுவதற்காகவே ஆனது, பெரியவர்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று வாதாடினேன்.

"நீ சொல்றது நியாயந்தான் தங்கச்சி. ஆனா கீழ ஒருத்தன் மீன்கறியில பலகைத்தூள் கெடக்குதுங்கிறான்லா, அவன்கிட்ட வந்து இதப் பேசு" என்றார்.

தேவகி தேர்ந்தெடுத்தது

கடைசி வாரம். இனி தாமதிக்க முடியாது. முரளியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு இவன் என் பொறுப்பு. உனக்கு என்ன பிடிக்குமோ அதச் செய்" என்றேன். என்ன வேண்டுமானாலுமா என்று கேட்டாள். என்ன வேண்டுமானாலும் என்றேன். கயிறு, கேரம், வண்ணப் பென்சில் எல்லாவற்றையும் காட்டினேன். அவள் எதையும் பார்க்கவில்லை. "இவன விட்டுட்டு டாய்லட்டுக்குக்கூடப் போக மாட்டீங்களே?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, மூலையில் பாய் சுருட்டி வைத்திருந்த இடத்துக்குப் போனாள். ஒரு பாயை விரித்தாள். படுத்தாள். தூங்கிவிட்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இதற்கா இத்தனை நாள் போராடினேன்? மடியிலிருந்த முரளிதான், கிரையானைக் கடித்துக்கொண்டே விளக்கம் தந்தான். அம்மா ராத்திரி ஷிப்டு போனால் அக்கா தூங்காதாம். கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்குமாம்.

மற்ற பிள்ளைகளை ஜாடை காட்டியே அடக்கினேன். அவளைத் தாண்டிப் போனவர்களெல்லாம் நுனிக்காலில் நடந்தார்கள். நான் சொல்லாமலே யாரோ மேசை விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். மத்தியானம் அவள் அம்மா கூட்டிப்போக வந்தார். அக்கரையில் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடிந்து, பெரியில் இக்கரைக்கு வந்து, சமைத்து வைத்துவிட்டு வந்தவர். தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. அவரிடம் சொல்ல நான் ஒரு லீவு முழுக்கத் தயார் செய்த வாதம் நாக்கு நுனியில் இருந்தது. "அக்கா, உங்க மகள..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, பாயின் மிச்ச இடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எழுப்பாத தங்கச்சி. சின்னவன மட்டும் விட்டுறாத, நானும் கொஞ்சம் கண்ண மூடிக்கிறேன்" என்றார்.

அந்த லீவில் நான் நடத்திய நிகழ்ச்சிகளிலேயே, பெற்றோரும் பிள்ளையும் முழுமனதோடு கலந்துகொண்டது அந்தத் தூக்கம் ஒன்றுதான்.