"இருக்கேன்" என்று சொன்னது நான்தான்

நான் ஒரு பெண்ணின் காதைப் பொய்யாக்கினேன். அவள் உண்மையாகவே கேட்ட ஒரு குரலை, கேட்கவே இல்லை என்று அவளையே நம்ப வைத்தேன். பயத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பொய் சொன்ன வாய் என்னுடையதுதானே...

நீடாமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் எனக்குத் தூக்கம் அறவே போயிற்று. எப்போதும் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. என் கணவர் என்னைத் தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்த்தார். அதன் பெயர் வேண்டாம்.

பயந்து போய்ச் சேர்ந்தவளை அந்த இடம் என்ன செய்தது தெரியுமா? இரும்புக் கதவைச் சாத்தும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு திடுக்கிட்டது. ட்யூப் லைட்டை அணைக்கவே மாட்டார்கள். என் கட்டில் கூடத்தின் நடுவில் கிடந்தது. சாய்ந்துகொள்ள ஒரு சுவர்கூட இல்லை. ஜன்னல் கம்பிக்கு அப்பால் நடவு முடிந்த வயல். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் ஆறும் என்றார் டாக்டரம்மா. எனக்கோ அந்தப் பச்சைக்குள் எவனாவது நிற்கிறானா என்றுதான் கண் தேடியது.

எல்லாவற்றையும்விடக் குளியலறைதான் பயம். அதற்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே பூட்டிக்கொண்டு யாரும் தன்னைத் தானே எதுவும் செய்துகொள்ளக் கூடாது என்று கழற்றியிருந்தார்கள். நியாயம்தான், எங்கள் உயிருக்காகத்தான். ஆனால் தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பின்னால் நின்று சேலையை அவிழ்த்துப் பாருங்கள்... அப்போது உங்களுக்குப் புரியும்.

பக்கத்துக் கட்டிலில் செல்வி இருந்தாள். நாகப்பட்டினம் பக்கம் கடலோரத்து ஊர்; மீன் விற்பவள்; என்னைவிடச் சின்னவள். அவள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒருத்தி குளிக்கும்போது மற்றவள் வாசலில் நிற்க வேண்டும். உள்ளேயிருந்து, "அக்கா, இருக்கீங்களா?" என்பாள். "இருக்கேன்" என்பேன். நாலு குவளை ஊற்றிவிட்டு மறுபடி கேட்பாள். அந்தச் சொல்லைத் தாழ்ப்பாளாகப் போட்டுக்கொண்டு நாங்கள் குளித்தோம்.

அன்று காலையும் கேட்டாள். "இருக்கேன்" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, இரும்புக் கதவு திறந்தது. புதிதாக ஒரு பெண்ணைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி வந்தார்கள். அவள் போட்ட கூச்சல் கூடம் முழுக்கக் கேட்டது. அடுத்து என்னைத்தான் தூக்குவார்கள் என்று தோன்றிவிட்டது. ஓடிப்போய்க் கட்டிலில் விழுந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

திறந்திருந்த அதே கதவு வழியாகக் குழாய் ரிப்பேர்காரர் வந்திருக்கிறார். வாசலில் யாரும் நிற்கவில்லை. உள்ளே ஆள் இல்லை என்று நினைத்துக் குளியலறைக் கதவைத் தள்ளிவிட்டார்.

செல்வியின் அலறல் போர்வைக்குள் கேட்டது. குவளையால் அவரை அடித்திருக்கிறாள்; ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடியிருக்கிறாள். நோய் முற்றிவிட்டது என்றார்கள். ஊசி போட்டுத் தனியறைக்கு இழுத்துப் போனபோது, "அக்கா இருக்கேன்னு சொன்னாங்க, கேட்டுப் பாருங்க" என்று அவள் கெஞ்சிக்கொண்டே போனாள். நான் போர்வையை விலக்கவில்லை.

பிறகு டாக்டரம்மா என்னிடம் வந்தார்.

"நீங்க வாசல்ல நின்னு குரல் கொடுத்தீங்களாமே?"

மறுநாள் என்னை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. பயந்து ஓடினேன் என்று சொன்னால், இவளுக்கு இன்னும் குணமாகவில்லை என்று வைத்துக்கொள்வார்களோ? அந்தத் தனியறை எனக்கும் வருமோ?

"இல்லைங்க மேடம். நான் படுத்திருந்தேன்."

இல்லாத குரல் அவளுக்குக் கேட்கிறது என்று முடிவாயிற்று. செல்விக்கு மாத்திரை கூடியது. நான் வீடு வந்து சேர்ந்தேன்.

போன மாதம் மாத்திரை வாங்க அதே மருத்துவமனைக்குப் போன இடத்தில் அவளைப் பார்த்தேன். உடம்பு ஊதியிருந்தது. பேச்சு இழுத்தது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்க்கா. அன்னைக்கு நீங்க நெசமா இருக்கேன்னு சொல்லலையா?"

சொல்லியிருக்கலாம்... அந்த ஒரு நிமிடம் எனக்காகவே வந்ததுபோல் இருந்தது. அதற்குள் எங்கோ இரும்புக் கதவைச் சாத்தினார்கள்.

"இல்ல செல்வி" என்றேன்.

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்ப டாக்டரம்மா சொன்னது சரிதான். நான் இப்பல்லாம் யாரு கூப்பிட்டாலும் திரும்புறதில்லக்கா. எம்புள்ள கூப்பிட்டாக்கூட, வந்து தொட்டாத்தான் திரும்புவேன்."

என் வீட்டுக் குளியலறைக்கு இரண்டு தாழ்ப்பாள் வைத்திருக்கிறேன். இரண்டையும் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றும்போது, கதவுக்கு வெளியே கேட்கிறது, "அக்கா, இருக்கீங்களா?" இது நோயா, நினைவா? டாக்டரிடம் இதைச் சொல்லப் பயமாக இருக்கிறது.

உங்களிடம் சொல்லிவிட்டேன். செல்வியின் ஊர்ப் பக்கம் போகும் நாகப்பட்டினம் பஸ் என் கடை வாசல் வழியாகத்தான் போகிறது. ஒவ்வொன்றும் வந்து நிற்கும்போது எழுந்திருக்கிறேன்... மறுபடி உட்கார்ந்து தைக்கிறேன்.