கதவைப் பார்த்திருக்கும் மூவர்

பல் மருத்துவமனையில் அவளுக்கு வேலை. டாக்டர் பல்லைக் குடையும்போது எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, இதோ ஆச்சு" என்று நோயாளியின் காதோரம் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஊசியைவிட அவள் பேச்சுக்குத்தான் வாய் மரத்துப்போகிறது என்று வருகிறவர்கள் கேலி செய்வார்கள். அதை அவள் வீட்டில்தான் கற்றாள். பேருந்து ஓட்டுநரான அப்பா எரிந்து விழும்போதெல்லாம் நடுவில் போய் நின்று சமாளிப்பது சின்ன வயதிலேயே அவள் தலையில் விழுந்துவிட்டது. தம்பி அவளுக்கு வைத்த பெயர் பஞ்சு. யார் எங்கே மோதினாலும் சத்தமே வராமல் அவளிடம் அமுங்கிவிடும்.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு தம்பி வீட்டுப் படி ஏறவில்லை. வேறு ஊரில் ஓவிய ஆசிரியராக இருந்தான். ஓய்வு பெற்ற அப்பா பஞ்சுவோடும் அவள் கணவனோடும் இருந்தார். தம்பியின் ஓவியம் ஒன்றை உள்ளூர் ஓவியக் காட்சியகத்தில் வாங்கி மாட்டியிருக்கிறார்கள் என்று முடிதிருத்துபவர் சொன்ன நாளிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"என் பையன் படத்தை ஊரே பார்க்குது. நான் பார்க்க வேண்டாமா?"

பஞ்சு முந்திக்கொண்டு ஒரு மதிய இடைவேளையில் தனியாகப் போய்ப் பார்த்தாள். அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அங்கே லிஃப்ட் ஓடலப்பா", "முட்டி வலி குறையட்டும்" என்று நாளைக் கடத்தினாள். சாக்குகள் தீர்ந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை, இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் வாசலில் வந்து நின்றுவிட்டார். இனித் தப்ப வழியில்லை.

காட்சியக வாசலில் பையைச் சோதித்த காவலாளியிடம், "மாடியில என் மகன் வரைஞ்சது இருக்கு" என்றார். காவலாளி எழுந்து நின்று கைகுலுக்கினார். பஞ்சு அவரை அவசரமாக உள்ளே அழைத்துப் போனாள். கீழ்த்தளத்தில் ஆறு, மலை, குதிரை என்று ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நிறுத்தி, "இதைப் பாருங்கப்பா, இதைப் பாருங்க" என்றாள். அவர் பொறுமையாகப் பார்த்தார். பிறகு மாடிப்படியின் கைப்பிடியைப் பற்றிவிட்டார்.

மேல்தள அறையின் கோடியில் அது தனியாகத் தொங்கியது. ஒரு சாப்பாட்டு மேசை. தட்டுகள் வைத்தபடி இருக்கின்றன, யாரும் தொடவில்லை. அம்மா, பெண், பையன் மூவரும் ஒரே பக்கம் திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் பார்வை போகும் இடத்தில் மூடிய கதவு. அதன் கைப்பிடி மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

"நம்ம பழைய வீட்டுக் கதவு" என்றார் அப்பா, சிரித்தபடி. "பெயின்ட் உரிஞ்சதைக்கூட விடலை பாரு." குனிந்து தலைப்பைப் படித்தார். "வீடு திரும்பும் நேரம்."

பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். "யாரோ வராங்க போல" என்றாள் அந்த மனைவி தாழ்ந்த குரலில். "அந்தப் பொண்ணு முகத்தைப் பாருங்க, மூச்சையே பிடிச்சுக்கிட்டிருக்கு."

அவர்கள் நகர்ந்த பிறகும் அப்பா நகரவில்லை. சிரிப்பு எப்போது போனது என்று பஞ்சு கவனிக்கவில்லை. அவர் கை மட்டும் மெல்ல இறுகுவதைக் கண்டாள். அந்தக் கையை அவளுக்குத் தெரியும். தோள் தானாகக் குறுகியது.

"நீ இப்படித்தான் உட்கார்ந்திருப்பியா?"

'ஒண்ணுமில்லப்பா, அவன் கற்பனை' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள்.

"ஆமாப்பா."

"நான் என்ன, தினமுமா அடிச்சேன்?"

"தினமும் இல்ல. என்னைக்குன்னு எங்களுக்குத் தெரியாதே. அதனால தினமும் பயந்தோம்."

அவர் அவளை முறைத்தார். அவள் விலகவில்லை. அந்த நேரம் பார்த்துக் காவலாளி படியேறி வந்தார், முகமெல்லாம் மலர்ந்து. "சார், மகன் படத்துக்குப் பக்கத்துல நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துத் தரேன்."

"வேண்டாம்" என்றார் அப்பா. தடுமாறி, நடுவிலிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். இறுகிய கையை இன்னொரு கையால் பொத்தி மடியில் வைத்துக்கொண்டார்.

பஞ்சு படிக்கட்டுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டாள்.

"அப்பா பார்த்துட்டார்டா."

"எப்படியோ சமாளிச்சிருப்பியே" என்றான்.

"இல்ல. கேட்டார். ஆமான்னு சொல்லிட்டேன்."

"நீயா?"

"நான்தான். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்."

"அக்கா, கொஞ்சம் உட்காரு. தண்ணி குடி. நான் லைன்லயே இருக்கேன்" என்றான். அவள் அங்கேயே படியில் உட்கார்ந்தாள்.

மன்னிப்பு என்ற சொல் அப்பாவின் வாயிலிருந்து அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. சில நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவுமில்லை. பஞ்சு சமாதானத்துக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினார். எங்கே என்று கேட்டதற்கு, "அந்தப் படம் இருக்கிற மாடியில பெஞ்ச் இருக்குல்ல, அங்கே" என்றார். கூட வரட்டுமா என்று அவள் கேட்கவில்லை.