கன்னத்தில் உரசிப் பார்த்து வாங்கிய ஊசி

திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்த எங்கள் அக்கா, மணமாகி மாமல்லபுரத்துக்கு வந்தார். மாமா பேருந்து ஓட்டுநர். அவர் வண்டியேறிப் போய்விட்டால் வீட்டில் பேச ஆளில்லை. வடக்கேயிருந்து வேலைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மாவிடம் அக்கா கம்பளி நூல் பின்னக் கற்றுக்கொண்டார். வேர்த்துக் கொட்டும் ஊரில் கம்பளி எதற்கு என்று நான் கேலி செய்வேன். ஆனால் எந்த வெயிலிலும் பிறந்த குழந்தைக்குக் குல்லா போடாமல் விடமாட்டோமே நாம். உறவில் பிறந்த குழந்தைகள் தலையில் எல்லாம் அக்காவின் குல்லாதான்.

அக்காவுக்குப் பிள்ளை தங்கவில்லை. முதல் பிரசவத்துக்கு ஆசை ஆசையாய் முன்கூட்டியே ஒரு குல்லா பின்னி வைத்தார். குழந்தை அழாமலே போய்விட்டது. அதன் பிறகு, குழந்தை பிறந்து அழுதது என்ற செய்தி வராமல் அவர் யாருக்காகவும் நூலைத் தொட்டதில்லை. பிறக்கும் முன் எதையும் செய்து வைக்கக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அக்காவிடம் அது பயமாகவே தங்கிவிட்டது.

சென்ற ஆண்டு என் மகள் கர்ப்பமாக இருந்தபோது அக்கா புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். மருந்தின் வேகத்தில் விரல் நுனிகள் மரத்துப் போயின. பழைய பின்னல் ஊசிகளோ கடல் உப்புக் காற்றில் துருவேறி, வெள்ளை நூலில் கறை வைத்தன. "ஊசி வாங்கலாம்டா, அதுல ஒண்ணும் தப்பில்ல" என்று, மருத்துவமனைக்கு வந்த நாளில் என்னைச் செங்கல்பட்டுக் கடை ஒன்றுக்கு இழுத்துப் போனார்.

கடைக்காரர் எடுத்துப் போட்டதையெல்லாம் கண்ணாடி மேசைமேல் உருட்டினார். கோணலாக உருண்டதைத் தள்ளினார். முலாம் பூசியதை நகத்தால் சுரண்டிவிட்டு வேண்டாம் என்றார். முனை ரொம்பக் கூராக இருந்தால் நூலைப் பிளக்குமாம். மொண்ணையாக இருந்தால் பின்னலுக்குள் நுழையாதாம். விரலில் உணர்வில்லாததால் ஒவ்வொன்றையும் கன்னத்தில் உரசிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஊசிய மூஞ்சில தேச்சிகினு கீறீங்க?" என்றார் கடைக்காரர்.

"கொயந்த தலைக்குப் போறதுப்பா. எனக்கு உறுத்தாம இருந்தாத்தான் நூலு பிசிறு எடுக்காம வரும்."

மூங்கிலில் ஒரு ஜோடி தேறியது. வழவழப்பாக, கனமில்லாமல், மரத்த கையிலும் நழுவாமல் நின்றது.

பேத்தி குறைமாதத்தில் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். படுத்த படுக்கையாகிவிட்ட அக்காவுக்குப் போன் செய்தேன்.

"யக்கா, பொண்ணு பொறந்துக்குது."

"அழுதுச்சா?"

"அழுதுச்சிக்கா. வார்டுக்கே கேட்டுச்சி."

உடனே மாமாவிடம் நூலை எடுக்கச் சொல்வது கேட்டது. உட்கார முடியாதவரை மாமா தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாராம். மறுநாள் நான் போனபோது குல்லா தயாராக இருந்தது.

"ரொம்பப் பெருசா கீதேக்கா. கொயந்த இத்துனூண்டு" என்றேன்.

"பெருசாவே இருக்கட்டும். வளரப் போற புள்ளதான" என்றார். அவர் முகத்தில் பயமே இல்லை. அந்த வாரமே எங்களைவிட்டுப் போய்விட்டார்.

அக்காவைத் தம் வீட்டுப் பெண்ணாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மாமாவைப் பட்டினி கிடக்க விடாத தெருவாருக்கும், இறுதிவரை உடன் நின்ற உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. இந்த முதலாண்டு நினைவு நாளில் பேத்தியையும் நீங்கள் பார்ப்பீர்கள். குல்லா அவளுக்கு இப்போது அளவாக இருக்கிறது. பார்க்கத்தான் அக்கா இல்லை.